பதினெட்டாவது கட்டம்

மார்ச் 3

டிப்போ கேன்டீன் நடத்துபவளுக்கு,

உன்னோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போதும் பேச விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'ரத்த உறவு' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

உன் அண்ணன் பத்தொன்பது வருஷமாக ஓர் உணவு ஆய்வில் இருந்தது உனக்குத் தெரியும். என்ன சாப்பிடுகிறவர்களுக்கு வயதாக ஆக என்ன நோய் வருகிறது என்று பார்க்கிற ஆய்வு. எட்டாயிரம் பேர். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு படிவம் கொடுப்பார்கள். இறந்தால் அதற்கும் ஒரு படிவம் உண்டு என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சமைத்துப் போட்டவர் ஒருவர், ரத்த உறவு ஒருவர், இரண்டு பேரும் அவரவருக்குத் தெரிந்ததை நிரப்ப வேண்டுமாம். ஒரே வீட்டில் இருப்பதால் மகள் குட்டியின் கையெழுத்து செல்லாதாம். இல்லாவிட்டால் உன்னிடம் வந்திருப்பேனா?

என் பக்கத்தை நிரப்பிவிட்டேன். உணவு: சைவம், பத்தொன்பது வருஷம், இடைவெளி இல்லை. வயது: ஐம்பத்தாறு. இறப்புக்குக் காரணம்: மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. டிப்போவில் இருந்த நேரத்தைப் பற்றிக் கேட்கிற கட்டங்களை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் கறிச் சட்டிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, நான் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து சாப்பிட்ட மனிதர் அவர். அந்த உறுதி உன் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை.

பதில் கடிதம் தேவையில்லை. படிவம் போதும்.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 9

அண்ணிக்கு,

பதில் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் இஷ்டம். 'அண்ணி' என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் அது அண்ணன் கட்டிய உறவு, அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை. அதனால் மரியாதை குறையாமல் திட்டுகிறேன்.

அவர் விழுந்த அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தீர்கள். நான் டிப்போவில் இருந்தேன். பஸ்சுக்கு அடியில் மெக்கானிக்குகள் இறங்கி வேலை பார்க்கிற குழியில், கையில் ஸ்பானரோடு சுருண்டு கிடந்தார். மூன்று பேரும் நானுமாகத் தூக்கினோம். கால் பக்கம் பிடித்தது நான். ஒரு பெண்பிள்ளை பிடித்துத் தூக்குகிற கனம்தான் இருந்தது அந்தக் கால்களுக்கு. டிப்போவே அவரைச் 'சைவப்புலி' என்றுதான் கூப்பிடும். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். எங்கள் புலி பத்தொன்பது வருஷம் தின்றது, நீங்கள் போட்டீர்கள் என்பதற்காக.

அதே டிப்போவில் வேலையை விட்டுப் பல வருஷமான ஒரு டிரைவர் இருக்கிறார். எழுபத்தொரு வயது. தினமும் வந்து ஒரு தட்டு ஈரல் தின்றுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார். இவருக்கு எந்தப் படிவமும் வருவதில்லை.

குட்டியின் பதின்மூன்றாவது பிறந்தநாளை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? விடியற்காலையில் எழுந்து, என் கையால் ஆட்டுக்கறி சமைத்து, சட்டியோடு பஸ் ஏறி வந்தேன். வந்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அதைக் கழுவுகிற தொட்டியில் கொட்டினீர்கள். "இந்த வீட்ல பொணம் நாறக் கூடாது" என்றீர்கள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான் நான். அண்ணன் தலை குனிந்து நின்றார், பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் இடி.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சும்மா இல்லை. படிவத்தில் 'குறிப்பு' என்று ஓர் இடம் இருக்கிறது. அதில், 'என் பிடிவாதமான சைவமே என் கணவரைக் கொன்றது' என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அதற்குக் கீழே என் கையெழுத்து விழும்.

நாத்தனார்


மார்ச் 14

கேன்டீன்காரிக்கு,

ஒரு கிழட்டு டிரைவரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறாய். லேப்பில் இருபத்தாறு வருஷமாக ரத்தம் எடுப்பவள் நான். ஒரு ஆளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால்தான் எட்டாயிரம் பேரைப் பத்தொன்பது வருஷம் பார்க்கிறார்கள். இது உன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சு இல்லை.

என் அப்பா நாற்பத்தொன்பது வயதில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எனக்குப் பதினேழு வயது. தட்டில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதைத்தான் நீ விற்கிறாய். டாக்டர் என் அம்மாவிடம், "ரத்தக்குழாய் பூராவும் கொழுப்பும்மா" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், எனக்கு வாய்க்கிறவரையாவது இப்படிப் போகவிட மாட்டேன் என்று. உன் அண்ணனின் கொலஸ்ட்ராலையும் சர்க்கரையையும் நான் பார்க்காத மாதமில்லை. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். வெடித்தது உங்கள் குடும்ப ரத்தம். உன் அப்பாவுக்குப் பிரஷர், உனக்குப் பிரஷர். அதற்கு நான் என்ன குறிப்பு எழுத வேண்டும்?

நீ கேட்ட வாக்கியத்தை எழுத மாட்டேன்.

இன்னொன்று. சனிக்கிழமைதோறும் குட்டி உன் கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது எனக்குத் தெரியும். ஆடு பகை, குட்டி உறவா? இனி வரமாட்டாள். அண்ணன் போனார், அவர் மகளும் உனக்கு இல்லை. உன் கையால் என் வீட்டில் யாரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, இனிமேலும் சாப்பிடப் போவதில்லை.

உன் அண்ணன் மனைவி


மார்ச் 19

அண்ணிக்கு,

குட்டியைத் தடுத்துவிட்டீர்கள். சரி. இதை நான் எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அண்ணன் மறைத்தார். உங்களிடம்தான்.

செவ்வாயும் வியாழனும். ஐந்து வருஷமாக. கேன்டீனுக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிற அறை இருக்கிறதே, அங்கே, கதவைச் சாத்திக்கொண்டு. முதல் நாள் நானாகக் கொடுக்கவில்லை. அவரேதான் அடுப்புப் பக்கம் வந்து நின்றார். "ஒரு துண்டு குடு, சும்மா ருசி மட்டும் பாக்குறேன்" என்றார். ஒரு துண்டு ஒரு தட்டானது. தின்றுவிட்டு எலும்பைக் கூடக் கண்ணில் படாத மாதிரி காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். "அவளுக்குத் தெரிஞ்சா என்னையே வறுத்துருவா" என்று சிரிப்பார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையில் கொஞ்சம் கிரீஸை எடுத்துத் தடவிக்கொள்வார், கறி வாசனை தெரியாமல் இருக்க.

உங்கள் டப்பாவை அந்த இரண்டு நாளும் வாட்ச்மேன் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு, உப்புதான் தூக்கலா இருக்கு" என்பார். தட்டில் பாதி ஊறுகாயும் பாதி எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குமாக நீங்கள் அனுப்புகிற சைவத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

என் கையால் யாரும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்றீர்களே. வருஷத்துக்கு எத்தனை செவ்வாய், எத்தனை வியாழன் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்களுக்குத்தான் எண் என்றால் பிடிக்குமே. படிவத்தில் 'சைவம், இடைவெளி இல்லை' என்பதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 2

உனக்கு,

இரண்டு வாரம் ஆகிவிட்டது. உடனே எழுதியிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன்.

அந்தக் கிரீஸ் சட்டைகளைச் செவ்வாயும் வியாழனும் நான் தனியாக ஊறவைத்தேன். கறை போகவில்லை என்று பிரஷ் போட்டுத் தேய்த்தேன். "டிப்போவுல எல்லா நாளும் ஒரே வேலைதான, இந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் இப்படி?" என்று ஒரு முறை கேட்டேன். "பெரிய பஸ்செல்லாம் இந்த ரெண்டு நாள்லதான் வரும்" என்றார். நான் நம்பினேன். நீங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் உட்கார்ந்து என்னை நினைத்துச் சிரித்திருக்கிறீர்கள். அவர் செய்த துரோகத்தைக் கேட்க அவர் இல்லை. அதனால் அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து உனக்கே தருகிறேன்.

உன் கடிதத்தை ஆய்வு நடத்துகிற ஆபீசுக்கு எடுத்துப் போய் அங்கே இருக்கிற நர்சிடம் காட்டினேன். 'கறிதான் கொன்றது' என்று எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் உப்பு எவ்வளவு, ஊறுகாய் எவ்வளவு என்று கேட்டாள். "சைவம்னா நோயே வராதுன்னு நாங்க என்னைக்கும் சொன்னதில்லம்மா. நெஞ்சு நோய், சர்க்கரை கொஞ்சம் கம்மியா இருக்கலாம். ஆனா உப்பையும் எண்ணெயையும் அள்ளிப் போட்டா காய்கறி மட்டும் என்ன பண்ணும்?" என்றாள். சின்னப் பெண், எனக்குப் பாடம் நடத்துகிறாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். உன் கேன்டீனில் ஒரே எண்ணெயை நாலு நாள் காய்ச்சுகிறாய், டயர் அறையில் சாப்பாடு பரிமாறுகிறாய் என்று எழுதிக் கொடுத்தேன். டயர் அறைக்குச் சாட்சியாக உன் கடிதத்தையே இணைத்திருக்கிறேன். உன் கையெழுத்து நன்றாகத் தெளிவாக இருக்கிறது.

திருத்திய படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடு.


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். நாலு பேர், கையுறை போட்டுக்கொண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்களைப் பாதித் தட்டில் எழுப்பி வெளியே அனுப்பினார்கள். எண்ணெயைப் பாட்டிலில் பிடித்தார்கள், டயர் அறையைப் படம் எடுத்தார்கள், பிறகு கதவில் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பதினெட்டு வருஷமாக நான் திறந்த கதவு. அந்த எழுபத்தொரு வயது டிரைவர் என் தோளைத் தட்டி, "யாருமா உனக்கு இவ்ளோ வேண்டியவங்க?" என்று கேட்டார். சொந்த அண்ணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நீங்கள் ஒரு அடி அடித்தால் நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருக்கும்போது உங்கள் சாவியால் திறந்து, அண்ணனை உட்காரவைத்து ரத்தம் எடுத்து, வேறு யாரோ ஒரு நோயாளி பெயரில் மெஷினில் ஓட்டிப் பார்ப்பீர்களாமே? அண்ணனே சொல்லிச் சிரித்தது. "மாசம் ஒரு பேர்ல இருக்கேன், போன மாசம் நான் அறுபது வயசு பொம்பள" என்பார். அதை அப்படியே உங்கள் லேப் தலைமை டாக்டருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பெயர்க்காரர்களுக்கு யாருடைய ரிசல்ட் போயிற்றோ, அதையும் அவர் விசாரிக்கட்டும்.

இத்துடன் படிவம் இருக்கிறது. என் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கறி: வாரம் இரண்டு முறை. டீ: நாளைக்கு நாலு. நிற்கும் நேரம்: எட்டு மணி. பதினெட்டாவது கட்டம் உங்களுடையது, அதைத் தொடவில்லை. நேராக ஆய்வு ஆபீசுக்கே அனுப்பிவிடுங்கள். இனி நமக்குள் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.


ஏப்ரல் 24

உனக்கு,

நீ நினைத்தது நடந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் வேலை பழகியவள்தான் வாங்கினாள், என் முகத்தைப் பார்க்காமல். பதினோரு நாளாக வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நர்ஸ் போன் செய்தபோது நிதானமாகக் கேட்டேன். படிவம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். பதினெட்டாவது கட்டம் காலி. 'இறந்தவர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காக எடுத்தாரா? யார் எடுத்துக் கொடுத்தது?' நீ என்னுடையது என்று விட்டாய். நான் ஏன் விட்டேன் தெரியுமா? அது உன்னுடையது என்பதால்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆய்வில் பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்று. காலையில் டப்பாப் பையில் அட்டையை நான்தான் வைப்பேன். "கேன்டீன்ல சாப்பிட்டதும் தங்கச்சி தண்ணி எடுத்துக் குடுப்பா, போட்டுக்குவேன்" என்பார். உன்னோடு எனக்கு ஆயிரம் பகை இருந்தாலும் அதில் மட்டும் உன்னை நம்பினேன். அண்ணன் உயிர் விஷயமாயிற்றே என்று.

ரத்தக்குழாய் வெடிக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறியிருக்கிறது என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவளுக்கு ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கத் துப்பில்லை. எத்தனை நாள் மறந்தாய்? வியாபார மும்முரத்தில் எத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்டாய்? உன் கையால் எழுது. இத்தனை வாரமாக யார் கொன்றது, யார் கொன்றது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். இப்போது அகப்பட்டாய். இந்த ஒரு கட்டத்தை நீ நிரப்பினால் போதும், சைவமா கறியா என்று நான் இனி வாயே திறக்க மாட்டேன்.


ஏப்ரல் 28

அண்ணி,

மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்க முடியவில்லை.

என்னிடம் மாத்திரை வரவே இல்லை. ஒரு நாள்கூட. நானும் பிரஷர்காரிதானே, கேட்காமல் இருப்பேனா? தினமும் நான் என்னுடையதைப் போடும்போது, "உனக்கு எங்கண்ணே?" என்று கேட்பேன். "காலையிலயே உங்க அண்ணி குடுத்துருவா. பக்கத்துல நின்னு முழுங்க வச்சுட்டுத்தான் நகருவா" என்பார். உங்கள் குணம் தெரியும், அதனால் நம்பினேன். அந்தக் கட்டத்தை உங்களுக்கு விட்டதே, நீங்கள் சரியாகக் கொடுக்கவில்லை என்பதை உங்கள் வாயாலேயே வரவழைத்து உங்களைப் பிடிக்கத்தான். நீங்கள் எனக்கு வைத்த பொறியும் நான் உங்களுக்கு வைத்த பொறியும் ஒன்று.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். ஸ்டோர்காரரிடம் கெஞ்சி அண்ணனின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மேல்தட்டில் நட்டு, போல்ட் போட்டு வைக்கிற தகர டப்பா. மூடி இறுகிப்போய் இருந்தது, ஸ்டோர்காரர்தான் ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பினார். உள்ளே முழுக்க மாத்திரை. அட்டையிலிருந்து பிதுக்கியெடுத்த வெள்ளை மாத்திரை, அடியில் இருந்ததெல்லாம் மஞ்சளாகிப் பொடியாகியிருந்தது. மாலையில் அட்டையில் ஒன்று குறைந்து வந்ததா என்று நீங்கள் பார்ப்பீர்கள் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கின பொருளைக் குப்பையில் போடவும் மனசு வராத மனுஷன்.

ஸ்டோர்காரருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அதைப் போட்டா குழியிலேர்ந்து எந்திரிக்கும்போது தல சுத்துதுன்னாரும்மா. அதுக்குன்னு போடாம இருக்கலாமான்னு கேட்டா, வீட்ல சைவம் சாப்பிடுறேன், அதுவே மருந்துதான்யான்னு சிரிப்பாரு. கறி சாப்பிடற அன்னைக்குக் கேட்டா, இந்தத் தெம்பு போதும், மாத்திரை எதுக்கும்பாரு" என்றார். அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டேன். கேட்டு என்ன?

நாம் இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை பேசியிருந்தால் அந்தப் பொய் ஒரு நாள் தாங்கியிருக்காது. பதினோரு வருஷமாக நாம் விட்ட இடைவெளியில் அவர் சௌகரியமாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். இதை உங்களை மன்னித்துச் சொல்லவில்லை. தொட்டியில் கொட்டியது நீங்கள், பேச்சை ஆரம்பித்திருக்க வேண்டியதும் நீங்கள்தான்.

எங்கள் குடும்ப ரத்தம் என்று எழுதினீர்கள். அது குட்டிக்கும்தான் ஓடுகிறது. வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், அவளுக்குப் பிரஷர் பாருங்கள்.


மே 11

நாத்தனாருக்கு,

குட்டிக்குப் பார்த்தேன். நூற்றைம்பத்தாறு, தொண்ணூற்றெட்டு. மெஷின் கோளாறு என்று நினைத்து மறுநாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். இருபத்துநாலு வயது. பிறந்ததிலிருந்து கறி தொடாத பிள்ளை. உன்னிடம் சனிக்கிழமைகளில் ஏதாவது தின்றாளா என்று கூடக் கேட்டுவிட்டேன். "அத்தை குடுத்தாங்க, எனக்கு வேணாம்னுட்டேன்மா" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், உன்மேல் போட்டிருப்பேன்.

டாக்டரிடம் போனோம். பரம்பரை இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைத் திறந்தேன். ஏழு ஜாடி ஊறுகாய் இருந்தது. என் அப்பா தட்டில் இருந்த கறியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். கறியை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். மாதாமாதம் உன் அண்ணன் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன், அது எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு நாள்கூடக் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்க்கவில்லை. ஏழு ஜாடியையும் கொட்டிவிட்டேன். இதைப் படித்து நீ சந்தோஷப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பதினெட்டாவது கட்டத்தில், 'எடுக்கவில்லை. நாங்கள் இருவரும் கொடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நான் மட்டும் மாட்டிக்கொள்ள மாட்டேன், நீயும் போடு. கேன்டீன் புகாரையும் திரும்பப் பெற மாட்டேன். எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது.

இப்போது நான் எழுத வந்த விஷயம். குட்டிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்று. அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு. உன்னிடம் வரக்கூடாது என்று நான் சொன்னதை அவள் காற்றில் விட்டுவிட்டு, உன் கேன்டீன் மூடியதிலிருந்து தினமும் உன் வீட்டில்தான் சாப்பிடுகிறாள் போலிருக்கிறது. அதற்காகக் கோபப்பட எனக்கு இப்போது நேரமில்லை. நேற்று, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன்.

"அத்தை வீட்ல சாப்பிட்டதும் போட்டுட்டேன்மா."

அட்டையில் ஒன்று குறைந்துதான் இருக்கிறது. உன் முன்னால் போட்டாளா? கண்ணால் பார்த்தாயா? போன் செய்யலாம் என்று எடுத்தேன், உன் நம்பர் என்னிடம் இல்லை. அவளிடம் கேட்டால் உஷாராகிவிடுவாள். உடனே பதில் எழுது.


மே 14, மாலை

அண்ணி,

உங்கள் கடிதம் இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. பதினொன்றாம் தேதி எழுதியது. மூன்று நாள்.

குட்டி தினமும் வருகிறாள், சாப்பிடுகிறாள். போன வாரமே மாத்திரையைப் பற்றி நான் கேட்டேன். "அம்மா காலையிலயே குடுத்துட்டாங்க அத்தை, பக்கத்துல நின்னு முழுங்க வைக்கிறாங்க" என்றாள். நான் நம்பினேன். அண்ணி, நான் மறுபடியும் நம்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்றைக்கு ஒன்றேகாலுக்கு வந்தாள். தட்டைக்கூட வைக்கவில்லை, "மாத்திரையை என்னடி பண்ற?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பினாள். அறைந்துவிட்டேன். இருபத்துநாலு வருஷத்தில் முதல் அறை. பிறகு சொன்னாள், கை கழுவுகிற தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவாளாம். "தல சுத்துது அத்தை. கஸ்டமருக்குக் கண்ணாடி மாட்டும்போது விழுந்துட்டா மானம் போயிரும்ல? நான்தான் கறியே சாப்பிடறதில்லயே, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அம்மாவே எத்தனை தடவை சொல்லியிருக்காங்க" என்றாள். உங்கள் பேச்சும் எங்கள் ரத்தமும் சேர்ந்து எப்படி வந்து பிறந்திருக்கிறது பாருங்கள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நூற்றறுபத்திரண்டு. தலை சுற்றினால் அப்போதே வந்து சொல்லக் கூடாதா, எத்தனையோ மாத்திரை இருக்கிறது என்று அவர் திட்டினார். அண்ணனும் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இதை நினைத்து நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், குட்டி பயந்துவிட்டாள். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் பாதி, மத்தியானம் பாதி. முதல் பாதியை அங்கேயே போட வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போய்விட்டது. அவளைக் கடையில் விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

கோபம் தீரவில்லை, அண்ணி. கேன்டீன் கதவில் இன்னும் சீல் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களைக் கரித்துக்கொட்டுகிறேன். உங்கள் வேலை போனதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் காலைப் பாதி உங்கள் கையில் இருக்கிறது, மத்தியானப் பாதி என் கையில் இருக்கிறது. அவள் உங்களிடம் சொல்வதை நீங்கள் நம்பக் கூடாது, என்னிடம் சொல்வதை நான் நம்பக் கூடாது. நான் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் என்னைக் கேட்க வேண்டும், தினமும். மூன்று நாள் தபாலில் அது நடக்காது.

இதை உங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கதவுக்கு அடியில் தள்ளுவேன். போய்விட மாட்டேன், இங்கேயே இருப்பேன். கதவைத் திறக்க வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். உள்ளே இருந்தபடியே, "போட்டாளா?" என்று மட்டும் கேளுங்கள்.

பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.